கம்பெனி மாறினால் பிற்பகலைக் கவனியுங்கள்

"அதே மருந்துதாம்மா, கம்பெனிதான் வேற." ஏடிஹெச்டி உள்ள பிள்ளைக்கு மருந்து வாங்கும் பெற்றோர் பலரும் இந்த வார்த்தையைக் கேட்டிருப்பார்கள். காய்ச்சல் மாத்திரைக்கு அது முழு உண்மை. பாராசிட்டமால் எந்த அட்டையில் வந்தாலும் காய்ச்சல் இறங்கும். ஆனால் ஏடிஹெச்டிக்குத் தரும் மெத்தில்பெனிடேட்டில் நாள் முழுக்க மெல்ல மெல்ல வெளிவரும் வகை மாத்திரைக்கு அது பாதி உண்மைதான். மீதியை என் மகனை வளர்த்ததில் தெரிந்துகொண்டேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மெத்தில்பெனிடேட் 1944-ல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தில் உருவாக்கப்பட்டு, பிறகு ரிட்டலின் என்ற பெயரில் புகழ்பெற்றது. அதன் மூலக் காப்புரிமை முடிந்து பல காலம் ஆகிறது. நம்மூர்ச் சீட்டில் டாக்டர் எழுதும் இன்ஸ்பைரல், ஆட்வைஸ் போன்றவை பெயர் சூட்டப்பட்ட ஜெனரிக் மருந்துகளே. ஆகவே "நாங்க பிராண்டுதான் தர்றோம்" என்று சொல்லும் பெற்றோர்கூட உண்மையில் ஜெனரிக்கைத்தான் தருகிறார்கள். ஜெனரிக் தரம் குறைந்தது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. நம் புதுச்சேரியின் காலாப்பட்டுப் பக்கத்து ஆலைகளிலிருந்தே வெளிநாடுகளுக்கு மருந்து போகிறது.

விஷயம் தரத்தில் இல்லை, வெளிவரும் வேகத்தில் இருக்கிறது. உடனே கரையும் சாதாரண மெத்தில்பெனிடேட் ஏறக்குறைய நான்கு மணி நேரம் வேலை செய்யும். அதில் கம்பெனி மாறினால் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. நீண்ட நேர மாத்திரையோ கம்பெனிக்குக் கம்பெனி வேறு விதமாகச் செய்யப்படுகிறது. கான்செர்ட்டா என்ற பிராண்டில் 18 மில்லிகிராம் மாத்திரை என்றால் 4 மில்லிகிராம் மேல்பூச்சிலிருந்தே கரைந்துவிடும். மீதி, மாத்திரைக்குள் நீர் புகப் புக உண்டாகும் அழுத்தத்தால் சிறு துளை வழியே பகல் முழுக்கக் கசிந்துவரும். வேறு மருந்துகளில் இந்த வேலையை நுண்ணிய மணிகளோ, மெதுவாகக் கரையும் ஒரு பொருளோ செய்கின்றன. அட்டையில் அச்சிட்ட எண் ஒன்றாக இருக்கலாம். பகல் இரண்டு மணிக்குப் பிள்ளையின் இரத்தத்தில் இருக்கும் அளவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இது வெறும் பெற்றோர் கவலை அல்ல. 2014 நவம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, கான்செர்ட்டாவுக்கு மாற்றாக விற்கப்பட்ட இரண்டு கம்பெனிகளின் ஜெனரிக் மருந்துகளைத் தானாக மாற்றிக் கொடுக்கத் தகுந்தவை என்ற தரவரிசையிலிருந்து இறக்கியது. மாத்திரை போட்ட 7 முதல் 12 மணி நேரத்துக்குள் சிலருக்கு மருந்து மெதுவாக வெளிவரலாம் என்பதே காரணம். பிள்ளை பள்ளியின் கடைசிப் பாடங்களில் உட்கார்ந்திருப்பதும், வீட்டுப்பாடம் எழுதுவதும் அந்த நேரத்தில்தான்.

எங்கள் வீட்டில் நடந்ததும் அதுவே. வழக்கமான மருந்து கிடைக்காமல் போனபோது டாக்டரிடம் புதுச் சீட்டு வாங்கி வேறு கம்பெனிக்கு மாறினோம். காலை வகுப்புகளில் எந்தக் குறையும் இல்லை. மதியத்துக்கு மேல் டீச்சரிடமிருந்து செய்தி வர ஆரம்பித்தது: "லன்ச்சுக்கு அப்புறம் உட்காரவே மாட்டேங்கிறான் மேடம்." வீட்டில் நாங்கள் பிடிவாதம் என்று நினைத்திருக்கக்கூடும். டாக்டர் முன்பே ஒரு நோட்டுப் போடச் சொல்லியிருந்ததால் தப்பித்தோம். மாத்திரை கொடுத்த நேரம், மதியச் சாப்பாடு எவ்வளவு இறங்கியது, எத்தனை மணிக்குத் துறுதுறுப்பு கூடியது, எப்போது தூங்கினான், இவ்வளவுதான் அதில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் கேட்டது இரண்டு அட்டைகளையும். ஒன்றில் பெயருக்குப் பின்னால் 'ஓடி' (நாளுக்கு ஒரு முறை), இன்னொன்றில் 'எஸ்ஆர்' (மெல்ல வெளிவருவது). அந்த இரண்டு எழுத்துக்குள்தான் பிற்பகல் முழுவதும் இருந்தது. மருந்திலும் குற்றமில்லை, பிள்ளையிடமும் குற்றமில்லை. நேரத்தையும் அளவையும் அவர் மாற்றிக் கொடுத்தார். மாத்திரையை நாமாக உடைத்தோ, பொடித்தோ, ஒன்று கூட்டியோ சரிசெய்யப் பார்க்கக் கூடாது. நீண்ட நேர மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுக்க வர வேண்டியது ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மெத்தில்பெனிடேட் 'எக்ஸ்' அட்டவணை மருந்து. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும், விற்கத் தனி உரிமமும் வேண்டும். அதனால்தான் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. சீட்டில் எழுதியதை விட்டு, உள்ளே அதே மருந்து என்றாலும் வேறு தயாரிப்பைக் கொடுக்கக் கடைக்காரருக்கு அனுமதி இல்லை. அட்டையில் ஒரு வார மாத்திரை மீதி இருக்கும்போதே கடைக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

புதுச்சேரியில் பல வீடுகளுக்கு ஃபிரான்சில் சொந்தம் உண்டு. "அங்கேயிருந்து ஒரிஜினல் அனுப்பட்டுமா?" என்று எங்களையும் கேட்டார்கள். பாசத்தில் கேட்பதுதான், ஆனாலும் வேண்டாம் என்றோம். அங்கேயே ஒரு சீட்டுக்கு 28 நாள் மருந்துதான். 2021 வரை முதல் சீட்டை மருத்துவமனையில்தான் எழுத முடிந்தது. இங்கே அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிற மருந்து. இன்னொருவர் பெயரில் வாங்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் பொருள் அல்ல. அது தீர்ந்தால் பிள்ளைக்கு மறுபடி ஒரு மாற்றம் வேறு.

இங்குள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குக் கடலூர், விழுப்புரத்திலிருந்து பிள்ளையோடு வரும் பெற்றோரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: காலி அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் டெண்டர் மாறினால் கம்பெனியும் மாறலாம். பழைய அட்டை இருந்தால் மருத்துவர் ஒரு நிமிடத்தில் ஒப்பிட்டுவிடுவார்.

டாக்டர்களிடமும் ஒரு வேண்டுகோள். மருந்தின் ஜெனரிக் பெயரையே எழுத வேண்டும் என்ற தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி 2023 ஆகஸ்டில் வந்து அதே மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. நாளை அது திரும்பி வந்தாலும், இந்த மருந்துக்கு மட்டும் மில்லிகிராமோடு எத்தனை மணி நேர வகை என்பதையும் சீட்டில் தெளிவாக எழுதிக் கொடுங்கள்.