அடுப்பில்லாத் தேநீர்

தேநீர் என்றதும் நம் நினைவுக்கு வருவது கொதிக்கும் நீர்தான். நீர் தளதளவெனக் கொதித்ததும் தூளைப் போட்டு, பாலும் சர்க்கரையும் கலந்து, ஆற்றி அருந்துவதே நம் இல்லங்களின் வழக்கம். கோடை விடுமுறையில் வியர்வை வழிய அடுப்படியில் நின்று அதைத் தயாரிப்பவர் யார்? பெரும்பாலும் நம் அன்னையரே! குளிர்ந்த நீரிலேயே தேயிலையின் சாரத்தை இறக்கலாம் என்றால் தோழியர் நம்புவீர்களா? இறக்கலாம். ஆனால் இரண்டு காரியங்களை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று, வெந்நீர் தேயிலையை என்ன செய்கிறது என்பது. மற்றொன்று, வெந்நீர் நமக்குச் சொல்லாமலே செய்துவரும் ஓர் உதவி எது என்பது.

பனிக்கட்டி இட்ட தேநீர் 1904-ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. இந்தியத் தேயிலையை விளம்பரப்படுத்தச் சென்ற ரிச்சர்ட் பிளெச்சிண்டன், கடும் வெயிலில் சூடான தேநீரை யாரும் சீண்டாததைக் கண்டு அதில் பனிக்கட்டியைப் போட்டாராம். கதை சுவையாகத்தான் இருக்கிறது. ஆயினும் வர்ஜீனியாவைச் சேர்ந்த மேரியன் கேபல் டைரீ என்ற அம்மையார் 1879-லேயே தம் சமையல் நூலில் இதன் செய்முறையை எழுதிவிட்டார். எனவே பிளெச்சிண்டன் அதைப் பரப்பினார் எனலாம். கண்டுபிடித்தார் எனல் தகாது. அந்த அம்மையாரின் முறையிலும் தேயிலை கொதிநீரில்தான் ஊறியது. குளிர்நீரிலேயே ஊறவைக்கும் முறையை ஜப்பானியர் 'மிஸுதாஷி' என்று அழைக்கின்றனர்.

இனி முதல் காரியத்தைப் பார்ப்போம். தேயிலையில் தியானின் என்னும் அமினோ அமிலம் உண்டு. நாவுக்கு இதமான மென்சுவை தருவது இதுவே; குளிர்ந்த நீரிலும் இது எளிதில் கரையும். துவர்ப்பைத் தரும் பாலிபீனால்களும் (டானின் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அவை) கசப்பைத் தரும் கஃபீனும் வெந்நீரில் விரைந்தும், குளிர்நீரில் தயங்கித் தயங்கியும் இறங்கும். கொதிநீர் நான்கைந்து நிமிடங்களில் எல்லாவற்றையும் ஒருசேர இழுத்து வந்துவிடுகிறது. குளிர்நீருக்கோ ஆறு முதல் எட்டு மணி நேரம் வேண்டும். அப்போதும் துவர்ப்பையும் கசப்பையும் பெரும்பாலும் இலையிலேயே விட்டுவிடுகிறது. அதனால்தான் சர்க்கரை குறைவாக இட்டாலும் குடிக்க முடிகிறது. கஃபீன் அறவே இராது என்று எண்ணிப் படுக்கப்போகும் தம்பி தங்கையருக்குக் கொடுத்துவிடாதீர்கள். குறைவாக இருக்கும், அவ்வளவே.

இரண்டாவது காரியம்தான் பெரிது. கொதிநீர் தேயிலையின் சாரத்தை மட்டுமா இறக்குகிறது? நீரிலுள்ள நோய்க்கிருமிகளையும் கொல்கிறது. காய்ச்சிய தேநீரைக் குடித்தவருக்கு அந்தத் தண்ணீரால் வயிற்றுப்போக்கு வருவது அரிது. குளிர்நீர் முறையில் அந்தக் காவல் இல்லை. தொழிற்சாலையில் சூடான காற்றில் உலர்ந்த இலையும், அதன் பின்னர்ப் பல கைகள் பட்டே நம் வீட்டுக்கு வருகிறது. ஆகவே கொதிநீர் செய்த வேலையை நாம்தான் முன்கூட்டிச் செய்துவைக்க வேண்டும். குடிநீரை நன்கு கொதி வந்தபின் 1 நிமிடம் கொதிக்க விடுங்கள்; உதகமண்டலம் போன்ற உயர்ந்த இடங்களில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் 3 நிமிடம் வேண்டும். பிறகு மூடி வைத்து ஆறவிடுங்கள். பனிக்கட்டியும் இந்த நீரிலேயே உறைந்ததாக இருக்கட்டும். "அடுப்பில்லாத் தேநீர் என்று தலைப்பிட்டுவிட்டு அடுப்பை மூட்டச் சொல்கிறாயே!" என்று கேட்பீர்கள். வீட்டில் அன்றாடம் குடிப்பதற்குக் காய்ச்சும் நீரில் ஒரு லிட்டரை எடுத்துவைத்தால் போதுமே.

செய்முறை மிக எளிது. மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரம் ஒன்றைச் சோப்பிட்டுக் கழுவி, வெந்நீரில் அலசிக்கொள்ளுங்கள். ஆறிய நீர் 1 லிட்டருக்குத் தேயிலை 10 கிராம் போட்டு மூடி, உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இரவு படுக்கும் முன் வைத்தால் காலையில் வடிகட்டிவிடலாம். பச்சைத் தேயிலையானால் நான்கைந்து மணி நேரமே போதும். வடிகட்டியதை மறுநாளுக்குள் குடித்து முடிக்க வேண்டும். மின்சாரம் பல மணி நேரம் நின்றுபோன நாளில், வீணாகிறதே என்று பாராமல் கொட்டிவிடுங்கள். மேசைமேல் ஊறவைப்பதும் கூடாது. மேலைநாட்டில் சிலர் பாட்டிலை வெயிலில் வைத்து ஊறவைக்கிறார்கள். அது வெதுவெதுப்பாகுமே தவிரக் கொதிக்காது. கிருமிகள் பெருகுவதற்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்! நம் ஊர் மொட்டைமாடியில் அதை யாரும் முயல வேண்டாம்.

எந்தத் தேயிலை நல்லது? பாலுக்கென்றே வாங்கும் தூள் இதற்கு ஏற்றதன்று. நீர் கலங்கி, அடியில் வண்டல் தங்கும். முறுக்கிய முழு இலையே சிறந்தது. விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் பால் செலவு இல்லை. இங்கே நம் நீலகிரிக்கு ஒரு பெருமை உண்டு. சூடாகத் தயாரித்த தேநீரைக் குளிரவைத்தால், கஃபீனும் பாலிபீனால்களும் ஒன்றோடொன்று சேர்ந்து பாலாடைபோல் கலங்கும். நீலகிரித் தேயிலை குளிர்ந்தபின்னும் பெரும்பாலும் தெளிவாகவே இருப்பதால், குளிர்ந்த தேநீருக்கு அதை வெளிநாட்டாரும் விரும்புகின்றனர். இரண்டு கண்ணாடித் தம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் திடமாகக் காய்ச்சிக் குளிரவைத்த தேநீரையும், மற்றொன்றில் குளிர்நீரில் ஊறியதையும் ஊற்றிச் சன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். எது கலங்கியிருக்கிறது? கலங்கியதைச் சிறிது சூடாக்கினால் என்ன ஆகிறது? குறிப்பேட்டில் எழுதி வைக்கத்தக்க சோதனை இது.

சர்க்கரை குளிர்நீரில் எளிதில் கரையாது. ஆகவே பாகாகக் காய்ச்சி ஆறவைத்துச் சேர்க்கவும். கருப்பட்டிப் பாகு தேயிலையின் மணத்தை அடக்கிவிடும் என்பது என் எண்ணம். விரும்புவோர் சேர்த்துப் பார்க்கலாம். எலுமிச்சம்பழத்தைப் பருகும்போதுதான் பிழிய வேண்டும். தோலோடு நறுக்கி இரவெல்லாம் ஊறவைத்தால் கசக்கும். பிழிந்தவுடன் தேநீரின் செந்நிறம் பொன்னிறமாக வெளுப்பதைக் கவனியுங்கள். அமிலம் பட்டதும் தேநீரின் நிறப்பொருள்கள் நிறம் மாறுகின்றன.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். கீரை, பயறு, கேழ்வரகு முதலியவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தேயிலையின் பாலிபீனால்கள் தடுக்கின்றன. நம் வயதுப் பெண்களுக்கு அச்சத்து மிகுதியாகத் தேவை. குளிர்ந்த தேநீரும் தேநீர்தானே! ஆகையால் மதியச் சோற்றோடு இதை வைத்துக் குடிக்க வேண்டாம். உண்டு ஒரு மணி நேரமாவது கழியட்டும். மாலை நான்கு மணி, வெயில் தணியும் வேளை, இதற்குப் பொருத்தமானது. வடிகட்டிய சக்கையை ரோஜாத் தொட்டிக்குக் கொடுத்துவிடுங்கள்.