நோயே இல்லை, கிளினிக் எதற்கு?

கேள்வி: வயது 35. உடம்புக்கு ஒன்றுமில்லை. 'பாப்' பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். போகத்தான் வேண்டுமா?
– வாசகி, பசறை

பதில்: கட்டாயம் போங்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஆரம்பத்தில் வலிக்காது. புற்றாக மாறப் பல ஆண்டுகள் எடுக்கும் செல் மாற்றத்தை முன்கூட்டியே பிடிப்பதுதான் இந்தப் பரிசோதனை. சுகவனிதையர் கிளினிக்கில் 35, 45 வயதினருக்கு இலவசம். சில நிமிட வேலை. கிளினிக் எந்த நாளில் என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். மாதவிடாய் நாட்கள் வேண்டாம்.

வெட்கத்தைவிட, அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போய்விடுமே என்ற கவலைதான் தேயிலைத் தோட்டத்தில் பெரிய தடை என்பேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நாலு பேரிடம் பேசுங்கள்; சேர்ந்து போக ஒரு நாளைக் கங்காணியிடம் கேட்டு வாங்குங்கள். ஒருத்திக்கு மறுப்பார், பத்துப் பேருக்கு யோசிப்பார்.

மகள் தரம் 6இலா? இதே புற்றுநோயைத் தடுக்க, 2017 முதல் பாடசாலையிலேயே எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். படிவம் வந்தால் கையெழுத்திடுங்கள். ஊசியால் பிள்ளைப்பேறு கெடும் என்பது புரளி.