விற்றுத்தரக் கொடுக்கும் பொருளும் வீட்டில் இருக்கும் துப்பாக்கியும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் அரிசி மண்டி, எண்ணெய் வியாபாரம், மளிகை மொத்த வியாபாரம் என்று இரண்டு மூன்று தலைமுறையாக நடத்திவரும் குடும்பங்கள் சிலவற்றில் பீரோவுக்குள் ஒரு துப்பாக்கி இருக்கிறது. வசூல் பணத்தைப் பையில் கட்டிக்கொண்டு இரவில் ஊர் திரும்பிய காலத்தில், பாதுகாப்புக்கென்று பெரியவர்கள் லைசென்ஸ் எடுத்து வாங்கி வைத்தது. இன்று வசூல் பாங்கிலும் செல்போனிலும் நடக்கிறது. துப்பாக்கி மட்டும் துணி சுற்றியபடி கிடக்கிறது. “அப்பா போய்விட்டார், இதைத் துப்பாக்கிக் கடையில் கொடுத்து விற்கச் சொல்லலாமா?” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கேள்வி துப்பாக்கியைப் பற்றியது. ஆனால் அதற்குள் இருக்கும் கன்சைன்மென்ட் பாடம் நம் எல்லோருக்கும் பொதுவானது.

கன்சைன்மென்ட் நமக்குப் புதிதல்ல. ஒட்டன்சத்திரத்திலிருந்து கோயம்பேட்டுக்குக் காய்கறி வருகிறது. மண்டிக்காரர் விற்று, கமிஷனும் கூலியும் கழித்துப் பட்டியல் போட்டு மீதியைத் தருகிறார். ஊறுகாய்க்காரர் நம் கடையில் பத்துப் பாட்டில் வைத்துவிட்டு “விற்றால் காசு, விற்காவிட்டால் எடுத்துக்கொள்கிறேன்” என்கிறார். இரண்டிலும் பொருள் இருப்பது ஒருவர் இடத்தில், உரிமை இருப்பது இன்னொருவரிடத்தில். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இப்படி விற்றுத்தருபவரை ஏஜெண்டு என்கிறது. உரிமையாளர் சொன்னபடி விற்க வேண்டும், கேட்கும்போது கணக்குக் காட்ட வேண்டும், வந்த பணத்தில் தனக்குச் சேர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். அந்தப் பொருளை அவரே வாங்கிக்கொள்வதானால் விவரத்தைச் சொல்லி உரிமையாளரின் சம்மதம் பெற வேண்டும். கமிஷன் பாக்கியிருந்தால் பொருளைப் பிடித்து வைக்கவும் அவருக்கு உரிமை உண்டு என்பதை நம்மவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இனி துப்பாக்கிக்கு வருவோம். ஆவடியில் டாங்கியே செய்கிறார்கள். ஆனால் ஓர் ஒற்றைக் குழல் துப்பாக்கியைக் கைமாற்றுவதற்கு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். லைசென்ஸ் என்பது ஆளுக்குக் கொடுப்பது. அப்பாவின் பெயரில் உள்ள லைசென்ஸ் அப்பாவோடு முடிந்தது. கடையும் கிடங்கும் மகனுக்கு வருவது போல அது தானாக வருவதில்லை. வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு மனுச் செய்யலாம். 2016-ஆம் ஆண்டு விதிகள் அதற்கு வழி வைத்திருக்கின்றன. பெரியவர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆனாலோ அவர் 25 வருடம் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். வேண்டாம் என்பவர்கள் வீணாக நாள் கடத்தாமல் போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். “பூட்டித்தானே வைத்திருக்கிறேன்” என்பது பதில் ஆகாது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை. லைசென்ஸ் உள்ளவர்கூட 3 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பது அதே திருத்தத்தில் 2 ஆகக் குறைந்தது.

ஒப்படைத்துவிட்டால் பொருள் போய்விட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். இங்கேதான் சட்டத்தின் 21-ஆம் பிரிவு நமக்குத் துணை நிற்கிறது. ஒப்படைத்தவரோ, அவர் இறந்திருந்தால் அவருடைய சட்டப்படியான பிரதிநிதியோ, வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவருக்கு அதை விற்கலாம், அல்லது விற்கும்படி அதிகாரம் கொடுக்கலாம். விற்ற பணம் அவருக்கே சேரும். நம் ஊறுகாய்க்காரர் செய்வதும் இதைத்தான். ஒரு வித்தியாசம் உண்டு. விதித்த கெடுவுக்குள் விற்காமலும் திரும்பப் பெறாமலும் விட்டால் பொருள் அரசாங்கத்துக்குப் போய்விடும். ஆகவே “வியாபாரி பார்த்துக்கொள்வார்” என்று வருடக்கணக்கில் விடுவது கூடாது. கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்பதை ஒப்படைக்கும் அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கன்சைன்மென்டாகக் கொடுப்பதா, ஒரேயடியாக வியாபாரிக்கே விற்பதா? ஒரேயடியாக விற்றால் விலை குறையும், கையில் உடனே பணம், கவலை தீர்ந்தது. பழைய வெளிநாட்டுத் துப்பாக்கியாக இருந்தால் நான் அவசரப்படச் சொல்லமாட்டேன். 1980-களிலிருந்து தனியாருக்கு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால் அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. சாதாரண 12 போர் துப்பாக்கிக்கோ, வங்கிக் காவல் வேலைக்குப் போகும் முன்னாள் படைவீரர்கள் போன்றோர்தான் வாடிக்கை. மாதக்கணக்கில் காத்திருந்து, காப்புக் கட்டணமும் கொடுத்து, கடைசியில் மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கடையில் விலை கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். பருப்புக்குக் கேட்கவில்லையா?

கொடுக்கும் முன் அவருடைய லைசென்ஸைக் கேட்டுப் பாருங்கள். விற்பனைக்கும் பாதுகாப்பாக வைத்திருப்பதற்கும் இரண்டுக்கும் அனுமதி இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று தேதியைப் படியுங்கள். ரசீதில் துப்பாக்கி செய்த கம்பெனி, போர் அளவு, அதில் பொறித்த எண், இப்போதைய நிலை, உங்கள் அல்லது காலமானவரின் லைசென்ஸ் எண் எல்லாம் வர வேண்டும். அதன் கீழே, இதற்குக் குறைந்து விற்கக்கூடாது என்ற விலை, கமிஷன் எத்தனை சதவீதம், காப்புக் கட்டணம் மாதம் எவ்வளவு, பழுது பார்த்தால் செலவு யாருடையது, தீ அல்லது திருட்டு நேர்ந்தால் யார் ஈடு செய்வது, எத்தனை நாளில் கணக்கு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். “விற்பனை செய்துதர ஒப்படைக்கப்பட்டது, உரிமை ஒப்படைத்தவருடையது” என்ற வாசகம் கட்டாயம். கடைக்காரர் நொடித்துப்போனால், கடன்காரர்கள் அலமாரியில் இருப்பதெல்லாம் அவருடையது என்றுதான் வருவார்கள். அன்று பேசப்போவது அந்தக் காகிதம் ஒன்றுதான். ஊறுகாய் பாட்டிலுக்கும் இது பொருந்தும். அதில் நஷ்டம் சில நூறு ரூபாய் என்பதால் நாம் எழுதுவதில்லை.

அண்ணன் தம்பிகள் பலர் இருந்தால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, எல்லோரும் சம்மதக் கையெழுத்துப் போட்ட பிறகே விற்கச் சொல்லுங்கள். விற்ற பிறகு, “என்னைக் கேட்காமல் யார் விற்றது” என்று பங்காளிச் சண்டை வந்தால் வியாபாரி பணத்தைத் தராமல் நிறுத்திவிடுவார். அவர் செய்வதும் நியாயமே.

உயிரோடு இருந்து, செல்லும் லைசென்ஸும் உள்ளவர், வியாபாரி இல்லாமல் நேராக இன்னொரு லைசென்ஸ்தாரருக்கு விற்பதற்கும் இடமுண்டு. அதற்கு வாங்குபவர் பெயர், விலாசத்தோடு எழுத்து மூலம் முன்கூட்டியே தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே கொடுக்கலாம். மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு அல்லது அருகிலுள்ள போலீஸ் நிலைய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். போலீஸ் கமிஷனர் உள்ள இடத்தில் மாஜிஸ்திரேட் என்றால் கமிஷனர் என்று பொருள். 2022 ஜனவரி 1 முதல் நம் பகுதிக்கு ஆவடி கமிஷனரேட் வந்துவிட்டதால் மனுவை அங்கே கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் விற்றாலும், லைசென்ஸ் புத்தகத்தில் அந்தத் துப்பாக்கியின் பதிவை நீக்கச் செய்து, வியாபாரி தரும் விற்பனை ரசீதின் நகலோடு சேர்த்து வையுங்கள். தோட்டாக்களை மறந்துவிடாதீர்கள். துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுத் தோட்டாப் பெட்டியை அலமாரியிலேயே விட்டவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் லைசென்ஸ் வேண்டும். எண்ணிப் பார்த்து அதே ரசீதில் எண்ணிக்கையோடு எழுதச் சொல்லுங்கள்.