பள்ளி என்னும் சிறு சொல்

சூடாமணி நிகண்டை இயற்றிய மண்டல புருடர் நம் சமயத்துச் சான்றோர். அவர் தம் நூலின் 11ஆம் தொகுதியை ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி என வகுத்தருளினார். திண்ணைப் பள்ளிகளில் பயின்ற நம் முன்னோர் பலர் நிகண்டினை மனனம் செய்தே தமிழ் கற்றனர். ஒரு சொல்லைக் கண்டவுடன் தமக்குத் தெரிந்த ஒரு பொருளையே அதற்கு ஏற்றிவிடாமல், அது நிற்கும் இடம் நோக்கிப் பொருள் கொள்ள வேண்டும் என்பதே அப்பயிற்சியின் பயனாகும். அப்பயிற்சி இன்று நம் இல்லங்களில் அருகிவிட்டது. ஆகவே மூன்றே எழுத்துடைய ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அது எத்தனை மொழிகளில் எத்தனை பொருள் தாங்கி நிற்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம். அச்சொல் ‘பள்ளி’ என்பதாம்.

காஞ்சியில் ஒரு சொல்லின் முகங்கள்

காஞ்சி மாநகரைச் சார்ந்தது ஓரிக்கை. பட்டுத் தறியின் ஒலி கேட்கும் ஊர். இவ்வூரின் பெயருக்கு வைணவ மரபில் ஒரு வரலாறு கூறுவர். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாடு கடத்த, ஆழ்வாரும் உடன் வெளியேற, திருவெஃகாவில் பள்ளி கொண்டிருந்த பெருமாளும் எழுந்து அவர்களைப் பின்தொடர்ந்தார் என்றும், அனைவரும் ஓர் இரவு தங்கிய இடம் ‘ஓரிரவிருக்கை’ என்று பெயர் பெற்று, பின்னர் ‘ஓரிக்கை’ எனக் குறுகிற்று என்றும் சொல்வர். இருக்கை என்பது தங்குமிடம். பள்ளி என்பதும் தங்குமிடமே. இரண்டும் நெருங்கிய பொருளுடைய சொற்கள்.

ஓரிக்கையில் காலையில் பையைச் சுமந்து செல்லும் சிறுவனை ‘எங்கே போகிறாய்?’ என்று கேட்டால் ‘பள்ளிக்கு’ என்பான். அங்கே அச்சொல் கல்வி கற்கும் இடம். திருவெஃகாவில் பெருமாள் ‘பள்ளி கொண்டார்’ என்றால் துயில் என்று பொருள். வேகவதிக் கரையிலுள்ள திருப்பருத்திக்குன்றத்தை நோக்கினால், அதே சொல் துறவியர் உறையும் இடத்தைக் குறிக்கிறது. பல்லவ மன்னன் சிம்மவர்மன் பருத்திக்குன்றத்து வச்சிரநந்திக் குரவருக்கு நிலம் அளித்த செய்தியைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது. அவ்வாறு பள்ளிகளுக்கு இறையிலியாக விடப்பட்ட நிலத்திற்குப் ‘பள்ளிச்சந்தம்’ என்று பெயர்.

வரதராசப் பெருமாள் கோயிலுக்கு வருவோர் தொட்டு வணங்கும் பொன் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் இங்கே நினைவு கூர்வார் சிலர். தமிழில் அது வேறு சொல். லகரமும் ளகரமும் அவற்றைப் பிரித்துக் காக்கின்றன. வடமொழியிலோ ‘பல்லீ’ என்னும் ஒரே வடிவம் சிற்றூரையும் குறிக்கும். சுவரில் ஊரும் பல்லியையும் குறிக்கும். கன்னடம் தமிழைப் போலவே எழுத்தால் வேறுபடுத்தி, ‘ஹள்ளி’ என்றால் சிற்றூர், ‘ஹல்லி’ என்றால் பல்லி என்று கொள்கிறது. பிள்ளைகளுக்கு ல, ள உச்சரிப்பைத் திருத்தமாகப் பழக்க வேண்டியதன் காரணத்திற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

எல்லை கடந்த பள்ளி

பழங்கன்னடத்தின் பகரம் காலப்போக்கில் பல சொற்களில் ஹகரமாயிற்று. புலி ‘ஹுலி’ ஆனது. பால் ‘ஹாலு’ ஆனது. பள்ளி ‘ஹள்ளி’ ஆனது. நம் தர்மபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளி போன்ற ஊர்ப்பெயர்களில் அந்த ஹகரமும் தேய்ந்து ‘அள்ளி’ என நிற்பதைக் காணலாம். தெலுங்கில் ‘பல்லெ’ என்பது கிராமம். வங்காளத்திலும் ‘பல்லி’ என்றால் கிராமமே. சரத் சந்திரர் 1916இல் வெளியிட்ட ‘பல்லி சமாஜ்’ என்னும் நாவலின் தலைப்புக்குக் கிராம சமுதாயம் என்று பொருள். தமிழர் ஒருவர் அத்தலைப்பைச் செவியால் மட்டும் கேட்டால், பல்லிகள் கூடிச் சங்கம் அமைத்தன என்று எண்ணக்கூடும்!

பிராகிருதத்தில் இச்சொல் அடைந்த நிலை வியப்புக்குரியது. சுவேதாம்பரர் போற்றும் அங்க ஆகமங்களுள் ஒன்றாகிய ஞாதாதர்மகதையில், இராசகிருகத்து வணிகன் மகள் சும்சுமையைக் கவர்ந்து சென்ற சிலாதன் என்பவனின் கதை வருகிறது. அவன் சென்று சேர்ந்த கள்வர் குடியிருப்புக்கு அங்கே ‘சோரபல்லி’ என்று பெயர். சோரர் என்பார் கள்வர். வடபுலத்து ஆகமக் கதையில் கள்வர் ஒளிந்திருந்த இடமும் பல்லி. தென்னாட்டுக் குன்றுகளில் களவு முதலிய ஐம்பாவம் துறந்த முனிவர் உறைந்த இடமும் பள்ளி. சொல்லுக்கு உயர்வு தாழ்வு இல்லை. அதனுள் வாழ்ந்தவரே அதற்கு உயர்வு தந்தனர்.

மேற்குக் கடற்கரைக்குச் செல்வோம். கேரளத்தில் ‘பள்ளி’ என்றால் பெரும்பாலும் கிறித்தவர் தேவாலயமும் முகம்மதியர் மசூதியும் ஆகும். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட யூதர் தொழுகையிடத்தையும் யூதப்பள்ளி என்றே அழைப்பர். இவ்வழக்கு அண்மையில் தோன்றியதன்று. கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லத்துச் செப்பேடு, வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் திருவடிகள் அங்கிருந்த ‘தரிசாப்பள்ளி’ என்னும் கிறித்தவ ஆலயத்திற்கு அளித்த உரிமைகளைப் பதிவு செய்கிறது. அதில் சாட்சியிட்ட வணிகர் அரபு, பாரசீகம் ஆகிய மொழிகளில், அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் தம் பெயரைப் பொறித்துள்ளனர். இலங்கைக்குச் சென்றால் சிங்களத்திலும் ‘பல்லிய’ என்பது தேவாலயத்தையும் மசூதியையும் குறிக்கும். தமிழகத்து முகம்மதியர் ‘பள்ளிவாசல்’ என்பதும் இதே சொல்லைக் கொண்டதே.

அரசரைச் சார்ந்த வழக்கு தனியாக வளர்ந்தது. மலையாளத்தில் அரசரின் உறக்கம் ‘பள்ளியுறக்கம்’; வேட்டை ‘பள்ளிவேட்ட’; வாள் ‘பள்ளிவாள்’. தமிழகத்தில் இறந்த அரசர் அரசியரின் நினைவாக எழுந்த கோயில் ‘பள்ளிப்படை’ எனப்பட்டது. பழையாறைப் பகுதியில் முதலாம் இராசேந்திரன் எடுத்த பஞ்சவன்மாதேவீச்சரம் அதற்குச் சான்று. உறங்கும் அறை, உயிர் நீத்தார் நினைவிடம், கற்கும் கூடம், தொழும் ஆலயம், வாழும் ஊர் ஆகிய அனைத்தும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன.

படுக்கை கல்விக்கூடமான வரலாறு

இத்தனை பொருள்களையும் இணைக்கும் இழை யாது? தங்குதல் என்பதே அது. மாடு மேய்ப்போர் தங்கினால் அது சிற்றூர். அரசர் தங்கினால் பள்ளியறை. துறவியர் தங்கினால் தவப்பள்ளி.

மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் குன்றில், நெடுஞ்செழியன் பெயர் விளங்கும் தமிழ்பிராமிக் கல்வெட்டில் ‘பளிஇய்’ என்று இச்சொல் பொறிக்கப்பட்டுள்ளது. கிறித்து பிறப்பதற்கு முற்பட்ட காலத்தது அது. கணிநந்தி என்னும் துறவிக்காக அமைத்த உறைவிடத்தை அது குறிக்கிறது. அங்கே மாளிகை இல்லை, மண்டபமும் இல்லை. குகைத்தளத்தைச் செதுக்கி வழவழப்பாக்கிய கற்படுக்கைகளும், மழைநீர் உள்ளே வாராமல் தடுக்கும் வெட்டுப்புருவமுமே உள்ளன. உடைமை ஏதும் கொள்ளாதவருக்கு உலகம் அளித்த உடைமை, உடல் கிடத்த ஓர் அடிக் கல்லே.

அக்கல்லைச் சுற்றியே கல்வி வளர்ந்தது. நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று என்பது நம் கொள்கை. முனிவர் தங்கிய இடத்தை மக்கள் நாடினர், நாடியவர் கற்றனர். வந்தவாசிக்கு அருகிலுள்ள விடால் பள்ளியில், முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று உள்ளது. குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியாராகிய கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் 500 மாணாக்கியரையும் பேணிக் காப்பதாக ஊரார் உறுதியளித்ததை அது தெரிவிக்கிறது. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒரு பெண் துறவியின் கீழ் 500 பெண்கள்! பெண் கல்வி பற்றிப் பேசும் ஒவ்வொரு நம் குடும்பமும் நினைவில் கொள்ள வேண்டிய எண் இது.

பள்ளியைச் சார்ந்த கூடத்தில் கற்பித்தமையால் ‘பள்ளிக்கூடம்’ என்னும் சொல் எழுந்தது என்று அறிஞர் பலர் கருதுவர். உலகின் மறுபுறத்திலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. ஆங்கிலத்தின் ‘ஸ்கூல்’ என்னும் சொல் கிரேக்கத்தின் ‘ஸ்கோலே’ என்பதிலிருந்து வந்தது. அதன் முதற்பொருள் ஓய்வு. தமிழரும் கிரேக்கரும், ஓய்வைக் குறித்த சொல்லையே கல்விக்கும் ஆக்கிக்கொண்டனர். உள்ளம் பரபரப்பின்றித் தங்கும் இடத்திலேதான் அறிவு தங்கும் போலும்.

பெருமிதமும் பொறுப்பும்

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. ‘பள்ளி’ என்று முடியும் ஊரெல்லாம் சமணர் ஊரே என்று நம்மவர் சிலர் மேடைகளில் முழங்குகின்றனர். அது பொருந்தாது. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்தபோது அதுவும் பள்ளிச்சந்தமே ஆயிற்று. குலோத்துங்கன் காலத்து ஆவணம் அங்கிருந்த பௌத்தப் பள்ளிகளைப் ‘பெரும்பள்ளி’ என்றே சுட்டுகிறது. ஆயர் சேரியும் பள்ளியே என்பதை மேலே கண்டோம். திருச்சிராப்பள்ளி என்பதற்குச் சிரா என்னும் துறவியின் பள்ளி எனப் பொருள் கூறுவோர் உளர். அக்குன்றில் கற்படுக்கைகளும் உள்ளன. அங்கே பெயரோடு தடயமும் சேர்ந்து நிற்கிறது. தடயம் இல்லாத இடத்தில் பெயரை மட்டும் கொண்டு உரிமை பேசினால், மாங்குளமும் விடாலும் போன்ற உறுதியான சான்றுகளையும் பிறர் ஐயுறத் தொடங்குவர். சத்தியம் என்பது அணுவிரதங்களுள் ஒன்று. அது வரலாற்றுக்கும் பொருந்தும்.

சொல்லை ஆராயும் கருவியும் நம் ஆகமத்திலேயே உள்ளது. தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயம், எப்பொருளையும் நாமம், ஸ்தாபனை, திரவியம், பாவம் என நால்வகையில் வைத்து நோக்குமாறு கற்பிக்கிறது. இதனை நிட்சேபம் என்பர். பள்ளி என்னும் சொல்லை இம்முறையில் வைத்துப் பார்ப்போம்.

குணம் நோக்காது பெயர் மட்டும் வழங்கும் ஊர், நாமப் பள்ளி. ஓரிக்கைத் தெருத் திண்ணையில் குழந்தைகள் நான்கு செங்கல்லை அடுக்கி, ‘இது எங்கள் பள்ளி’ என்று விளையாடினால், அது ஸ்தாபனைப் பள்ளி. முன்பு முனிவர் உறைந்து இன்று வெறுமையாய்க் கிடக்கும் குகையும், நாளை பாடம் நடத்தற்கென இன்று எழுப்பப்படும் கட்டடமும் திரவியப் பள்ளி. இந்நேரத்தில் ஒருவர் கற்பிக்க, மற்றொருவர் கற்க, ஞானம் நிகழ்ந்துகொண்டிருக்கும் இடமே பாவப் பள்ளி.

இந்நான்கையும் குழப்பாமல் அறிந்தவர்க்கு, ஒரு சொல் பல பொருள் தாங்குவது குழப்பமாகத் தோன்றாது. கிறித்தவர் தம் ஆலயத்தையும், முகம்மதியர் தம் தொழுகையிடத்தையும் பள்ளி என்று அழைப்பதனால் நமக்கு யாதொரு குறையும் இல்லை. மாறாக, நிலையாமை உணர்ந்தோர் தங்கிய இடத்தின் பெயர், மற்றவர் தம் தூய இடத்திற்குச் சூட்டத்தக்கதாய் விளங்கிற்று என்று மகிழலாம்.

நாம் கவலை கொள்ள வேண்டுவது வேறொன்று. பள்ளி என்ற சொல்லுக்கு வரலாற்று உரிமை பேசும் நம் வீடுகளில் மாலை வேளையில் நூல் ஏதேனும் வாசிக்கப்படுகிறதா? பாட்டியாரிடம் பேரன் ஒரு செய்யுளின் பொருளைக் கேட்கிறானா? ஆலய மண்டபத்தில் விழா நாளன்றி மற்ற நாள்களில் பாடம் நடைபெறுகிறதா? குன்றுகளிலுள்ள கற்படுக்கைகளைத் தொல்லியல் துறை காக்கலாம். அவை திரவியப் பள்ளிகள். பாவப் பள்ளியை எத்துறையாலும் காத்துத் தர இயலாது. ஒரு வீட்டுத் திண்ணையும், கற்பிக்க ஒருவரும், கேட்க இரு பிள்ளைகளும் இருந்தால் அது இன்றே தொடங்கும்.