முதல் படம் அவருக்கு

அன்புள்ள கயல்,

கேமரா வாங்கியாயிற்று, அடுத்து 70-300 ஜூம் லென்ஸ் வாங்கலாமா, எதிர்ச்சாரியில் நின்றபடி ஆட்களுக்குத் தெரியாமலே எடுத்துவிடலாமே என்று கேட்டிருந்தாய். பணத்தை மிச்சம் பிடி. கேமராவோடு வந்த லென்ஸே போதும். ஆசையாக இருந்தால் ஒரு 50 மில்லிமீட்டர் வாங்கிக்கொள். முகம் பெரிதாக வர வேண்டுமென்றால் நாலு எட்டு முன்னால் போக வேண்டும். போனால் பேச வேண்டிவரும். உன் தயக்கமெல்லாம் அந்தப் பேச்சை நினைத்துத்தான் என்று எனக்குத் தெரியாதா?

போன மாதம் எங்கள் தெருவுக்கு ஒரு சாணைக்காரர் வந்தார். சைக்கிளிலேயே சாணைக்கல்லைப் பூட்டியிருப்பார்கள், பார்த்திருப்பாய். ஸ்டாண்டு போட்டுப் பெடலை மிதித்தால் கல் சுற்றும். பக்கத்து வீட்டு அரிவாள்மனையை வைத்ததும் பொறி பறந்தது. “அண்ணே, ஒரு படம் எடுத்துக்கவா?” என்றேன்.

“எதுக்கு?”

இந்தக் கேள்வி எல்லாரிடமிருந்தும் வரும். பதிலைத் தயாராக வைத்துக்கொள். அது உண்மையாகவும் இருக்கட்டும். “சும்மா ஆசைக்குத்தாண்ணே. பேப்பர்லயெல்லாம் வராது” என்றேன்.

“இருங்க” என்றவர் மிதிப்பதை நிறுத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டார். சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு, ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்கிற மாதிரி விறைப்பாக நின்றார்.

பொறி பறந்ததே, அதை விட்டுவிட்டு இது ஒரு படமா என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும். முதலில் அந்த விறைப்பான படத்தை ஒழுங்காக எடு: தலை வெட்டுப்படாமல், கண்ணில் ஃபோகஸ் வைத்து, வெயில் நெற்றியில் அடித்தால் இரண்டடி நிழலுக்கு வரச்சொல்லி. அது அவருடைய படம். தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஆள் இளகிவிடுவார், வேலைக்குத் திரும்புவார், உன்னை மறந்தும் போவார். உன்னுடைய படம் அப்போதுதான் கிடைக்கும். ஷட்டரை 1/30-க்கு இறக்கினால் பொறிகள் கோடுகோடாக நீளும். 1/1000-க்கு ஏற்றினால் புள்ளிகளாக நின்றுவிடும். எனக்குக் கோடுதான் பிடிக்கும். முழங்கையை விலாவோடு ஒட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு எடு, இல்லாவிட்டால் முகமும் சேர்ந்து கலங்கிவிடும். பின்னால் இருட்டான கதவோ நிழல் சுவரோ இருக்கும்படி நீதான் நகர்ந்துகொள்ள வேண்டும், அவரை நகர்த்தாதே.

இரண்டையும் பிரிண்டு போட்டு, அடுத்த முறை அவர் வந்தபோது கொடுத்தேன். பொறிப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மூஞ்சியே சரியாத் தெரியலையே சார்” என்று என்னிடமே தந்துவிட்டார். விறைப்பான படம் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

பேசாமல், பிரதி கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். டோரோத்தியா லாங் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் எடுத்த படம் ஒன்றை நீ நிச்சயம் பார்த்திருப்பாய். கன்னத்தில் கைவைத்துத் தொலைவில் பார்க்கும் தாய், முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் தோளில் சாய்ந்த இரண்டு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. லாங் நம்மைப் போலப் பொழுதுபோக்குக்கு எடுத்தவர் இல்லை, அரசாங்க வேலையாக எடுத்தவர். ஆனாலும் அந்தச் சந்திப்பு தற்செயல்தான். 1936 மார்ச்சில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணி பறிப்பவர்களின் முகாம் என்ற பலகையைக் கடந்து போய்விட்டார். இருபது மைல் ஓட்டிய பிறகு மனசு கேட்காமல் திரும்பி வந்தார். சில படங்களே எடுத்தார். அந்தத் தாயின் வயது 32 என்று தெரிந்துகொண்டார். பெயரையோ கதையையோ கேட்கவில்லை என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

படம் பத்திரிகையில் வந்ததும் பட்டினி கிடந்த முகாமுக்கு அரசு 20,000 பவுண்டு உணவு அனுப்பியது. அதற்குள் அந்தத் தாய் பிள்ளைகளோடு அங்கிருந்து போய்விட்டிருந்தார். கார் பழுதானதால் வழியில் தங்கியவர்கள்தான் அவர்கள். சாப்பாட்டுக்காகக் கார் டயர்களை விற்றுவிட்டார்கள் என்று லாங் எழுதினார். விற்பதற்கு எங்களிடம் ஏது டயர், வண்டியில் இருந்தவைதானே என்று மகன்களில் ஒருவர் பிற்பாடு மறுத்தார். உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

அந்தத் தாயின் பெயர் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகத்துக்குத் தெரிய 1978 ஆயிற்று. அந்தப் படத்தை எடுத்திருக்கவே வேண்டாம், அதனால் தனக்குக் காலணா வரவில்லை, தன் பெயரைக்கூடக் கேட்கவில்லை, ஒரு பிரதி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அனுப்பவும் இல்லை என்று அவர் மனத்தாங்கலோடு சொன்னார். பதில் சொல்ல லாங் இல்லை, 1965-லேயே இறந்துவிட்டார். அந்தப் படம் எவ்வளவோ நன்மை செய்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் நாற்பது வருஷம் கழித்தும் பிரதி வராததைச் சொல்லிக் காட்டுகிறார் என்றால் அது அவர் மனசில் எவ்வளவு ஆழமாகத் தைத்திருக்க வேண்டும்!

பேசினால் என்ன கிடைக்கும் என்பதற்கும் ஒருவரைச் சொல்கிறேன். பிராண்டன் ஸ்டாண்டன் சிகாகோவில் பத்திர வர்த்தகம் பார்த்தவர். படம் எடுப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. 2010-ல் வேலை போனதும் நியூயார்க்குக்குப் போய், தெருவில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்திப் படம் எடுத்தார். போகப்போகக் கேள்வியும் கேட்க ஆரம்பித்தார். 2015 ஜனவரியில் புரூக்ளினில் ஒரு பள்ளிச் சிறுவனிடம், உன்னை அதிகம் பாதித்தவர் யார் என்று கேட்டார். பையன் தன் தலைமையாசிரியையைச் சொன்னான். ஸ்டாண்டன் அதைப் படத்தோடு இணையத்தில் போட்டார். அந்த ஒரு பதிலைப் படித்தவர்கள் அந்தப் பள்ளிக்காக அனுப்பிய நன்கொடை 10 லட்சம் டாலரைத் தாண்டியது. படத்தைப் பார்த்தால் கறுப்பு ஜாக்கெட் போட்ட சாதாரணப் பையன். கேள்வி கேட்காமல் நகர்ந்திருந்தால் அவ்வளவுதான்.

நீ பெரிய கேள்வியெல்லாம் கேட்க வேண்டாம். “எத்தனை வருஷமா இந்தத் தொழில்ணே?” போதும், மற்றதை அவரே சொல்வார். வேண்டாம் என்று கையை ஆட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடு, கெஞ்சாதே. எடுத்த பிறகு அழிக்கச் சொன்னால் அவர் கண்முன்னாலேயே அழி. பிள்ளைகள் “அக்கா, என்னை எடுங்க” என்று மேலே விழுந்து குதிக்கும். பக்கத்தில் அம்மாவோ பாட்டியோ இருந்தால் கேட்டுவிட்டு எடு, யாரும் இல்லையென்றால் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு விளையாடு. இன்ஸ்டாகிராமில் போடுவதாக இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடு. ஆசைக்கு என்று சொல்லி எடுத்ததை ஊருக்கே காட்டுவது ஏமாற்றுதான்.

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்பாய். போன் வைத்திருப்பவருக்கு அனுப்பு, தப்பில்லை. ஆனால் பிரிண்டும் போடு. நாலுக்கு ஆறு அளவு ஒரு டீ காசுதான். வீட்டு விலாசம் கேட்டால் ஆள் மிரளுவார், அதனால் “திரும்ப எப்போ இந்தப் பக்கம் வருவீங்க?” என்று கேள். நாள் சொல்ல முடியாதவர்களாக இருந்தால் அவர்கள் வழக்கமாக நிற்கும் டீக்கடையில் கொடுத்து வை, எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். உறையின் மேல் அவர் பெயரைப் பெரிதாக எழுத மறக்காதே. டீக்கடையில் பத்துப் பேர் வருவார்கள்.

அன்புடன்,
மாமா