ஒரே தூரம், ஒரே இலக்கு



பல்கலைக்கழக அம்பெய்தல் குழுவில் சேர்ந்த புதிதில், நானும் ஒரு நண்பரும் யார் கெட்டிக்காரர் என்று வாக்குவாதம் செய்தோம். புள்ளி அவருக்குத்தான் அதிகம். ஆனால் அவர் எய்தது 30 மீட்டரில், நான் எய்தது 50 மீட்டரில். அதனால் நான்தான் பெரிய ஆள் என்று வாதாடினேன். "தூரமே வேற. அப்புறம் எப்படி ஒப்பிடுவீங்க?" என்று மூத்த மாணவி ஒருவர் கேட்டார். இருவரும் வாயை மூடிக்கொண்டோம்.

இதே சிக்கல் இந்த விளையாட்டையே ஒலிம்பிக்கிலிருந்து வெளியேற்றியது தெரியுமா? அன்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விதி. போட்டியை நடத்தும் நாடு தன் வழக்கப்படியே நடத்தும். 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் பெல்ஜியம், பிரான்ஸ், நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகள் மட்டுமே அம்பெய்தன. அதன்பின் அந்த விளையாட்டே காணாமல் போனது.

1931இல் போலந்தின் லுவோவ் நகரில் (இன்று உக்ரைனின் லிவிவ்) ஏழு நாடுகள் கூடி, அனைத்துலக அம்பெய்தல் சம்மேளனத்தை அமைத்தன. அதே ஆண்டு அதே நகரில் முதல் உலகப் போட்டியும் நடந்தது. போர் வந்தபோது தடைபட்டு, 1946இல் ஸ்டாக்ஹோமில் மீண்டும் தொடங்கியது. 1959 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கிறது.

1957இல் ஒரு பொது அளவு வந்தது: நான்கு தூரம், தூரத்துக்கு 36 அம்பு, மொத்தம் 144 அம்பு, முழுப்புள்ளி 1440. ஆண்களுக்கு 90, 70, 50, 30 மீட்டர். பெண்களுக்கு 70, 60, 50, 30 மீட்டர். எந்த நாட்டில் எய்தாலும் இதே கணக்குதான். பொறியியல் படிக்கும் எனக்கு இது நன்றாகப் புரிகிறது. மறை அளவு ஒன்றாக இல்லாவிட்டால், ஓர் ஊர் நட்டு இன்னோர் ஊர் போல்ட்டில் ஏறாது இல்லையா?

52 ஆண்டுகள் கழித்து, 1972இல் மியூனிக்கில் அம்பெய்தல் ஒலிம்பிக்கிற்குத் திரும்பியது. அங்கே பயன்படுத்தியதும் இந்த 144 அம்பு முறையைத்தான், இரண்டு சுற்றுகளாக.

பிறகும் மாற்றங்கள் வந்தன. 1995இல் நம் அண்டை நகரான ஜகார்த்தாவில் நடந்த உலகப் போட்டியில் காம்பவுண்ட் வில் சேர்க்கப்பட்டது. அந்தப் பிரிவில்தான் 2023இல் பெர்லினில், இந்தியாவின் 17 வயது அதிதி சுவாமி தங்கம் வென்றார். இறுதிச் சுற்றில் 150க்கு 149 புள்ளி! எல்லாருக்கும் ஒரே அளவு என்பதால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

சரி, எங்கள் வாக்குவாதம் என்னாச்சு? அடுத்த வாரம் இருவரும் 50 மீட்டரில் எய்தோம். நண்பர்தான் ஜெயித்தார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் என் நிலை என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கே உண்மையாகத் தெரிந்தது. பயிற்சியும் அன்றைக்குத்தான் தொடங்கியது.

சிந்திக்க:
1. நமக்குச் சாதகமான தூரத்தை நாமே வைத்துக்கொண்டு, நம்மை நாமே மெச்சிக்கொள்வது எந்தெந்த விஷயங்களில்?
2. அதே விஷயத்தில் எல்லாருக்கும் பொதுவான அளவில் நின்று பார்க்க நாம் தயாரா?