அடிமைப்பட்ட பிள்ளைக்காகப் பெற்றோர் செய்யும் முறையீடு



தங்கள் பிள்ளைகளுக்காக நமது ஆண்டவரிடம் வந்த பெற்றோரைச் சுவிசேஷத்தில் கவனித்துப் பாருங்கள். அவர்களில் ஒருவரும் வெட்கப்பட்டு ஒளிந்து நிற்கவில்லை. கானானேய ஸ்திரீ வழிநெடுகக் கூவிக்கொண்டு பின்னே வந்தாள். அவளை அனுப்பிவிடும்படி சீஷர்கள் கேட்டும் அவள் போகவில்லை. ஜெபாலயத் தலைவனாகிய ஜாயிர் ஊரார் எல்லோரும் பார்க்க அவர் பாதத்தில் விழுந்தான். நெருப்பிலும் தண்ணீரிலும் விழுந்து தவித்த பையனுடைய தகப்பன், ஜனக்கூட்டத்தின் நடுவே, மகனுடைய வேதனையைச் சிறு பிராயமுதல் நடந்தபடியே எடுத்துச் சொன்னான். ஆண்டவர் அவனிடம், "இது எவ்வளவு காலமாய் இருக்கிறது?" என்ற கருத்தில் விசாரித்தாரேயன்றி, "இது யாருடைய குற்றம்?" என்று விசாரிக்கவில்லை.

இக்காலத்திலும் அவ்விதமான பெற்றோர் உண்டு. பிள்ளையைப் போதை மருந்துக்குப் பறிகொடுத்த பின், வீட்டுக்குள் அழுதுகொண்டிராமல், சர்க்காரின் வாசலில் நின்று, "சட்டத்தைத் திருத்துங்கள், மற்றவர் பிள்ளையாவது பிழைக்கட்டும்" என்று முறையிடுகிறார்கள். இவர்கள் கேட்பது எல்லாம் சரிதானா? கத்தோலிக்கர் எதை ஏற்கலாம், எதை ஏற்கலாகாது? நமது கடமை என்ன? இவ்வாரப் பாடத்தில் இவற்றை ஆராய்வோம்.

1. முறையிட்ட பெற்றோர்

1990-ம் ஆண்டுகளில் ஆஸ்திரேலியா தேசத்தில் ஹெரோயின் என்னும் மருந்து மிகுதியாய்ப் பரவிற்று. அது அபினிலிருந்து செய்யப்படுவது. அளவு மிஞ்சினால் நினைவு மங்கி, மூச்சு மெல்ல மெல்ல அடங்கிப்போகும். 1999-ல் மட்டும் அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வகை மருந்துகளால் மாண்டார்கள். அவர்களில் அநேகர் வாலிபர்.

1995-ல் தலைநகராகிய கான்பராவில், பிள்ளைகளையும் உற்றாரையும் இவ்விதம் இழந்தவர்கள் கூடி, போதைச் சட்டத்தைச் சீர்திருத்தக் கோரும் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். மாண்டவர்களை ஆண்டுதோறும் பகிரங்கமாய் நினைவுகூருவதும் அவர்கள் வழக்கமாயிற்று. 1997-ல் சிட்னி நகரத்தில் டோனி டிரிமிங்காம் என்பவருடைய மகன் டேமியன், 23 வயதில், ஹெரோயினால் இறந்தான். அந்தத் தகப்பன் அதே ஆண்டில் குடும்பங்களுக்கு உதவும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதன் முக்கிய வேலை, இரவும் பகலும் பெற்றோருடைய அழைப்புக்குப் பதில் சொல்லும் தொலைபேசிச் சேவையாகும். பதில் சொல்லுகிறவர்களில் பலர் அதே துயரத்தைத் தாங்களும் அனுபவித்தவர்கள். 1999 மே மாதம் நியூ சௌத் வேல்ஸ் மாகாணச் சட்டசபை மண்டபத்தில் போதைப் பிரச்சினை பற்றி ஒரு மாநாடு கூடிற்று. அங்கே டாக்டர்களும் போலீஸ் அதிகாரிகளும் மட்டுமல்ல, பெற்றோரும் சாட்சியம் சொன்னார்கள்.

ஆனால் துயரப்பட்ட பெற்றோர் எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவில்லை என்பதையும் சொல்லவேண்டியது நியாயம். அதே சிட்னியில் 1995-ல் அன்னா வுட் என்னும் 15 வயதுப் பெண், ஒரே ஒரு போதை மாத்திரை சாப்பிட்டதன் விளைவாக இறந்தாள். அவளுடைய பெற்றோர், போதை மருந்தை ஒருகாலும் தொடவேண்டாம் என்று மாணவர்களை எச்சரிப்பதையே தங்கள் ஊழியமாகக் கொண்டார்கள். ஆகையால், கண்ணீர் உண்மையாய் இருப்பதால் மாத்திரம் கோரிக்கையும் சரியாகிவிடாது. கண்ணீரை மதிக்கவேண்டும், கோரிக்கையைப் பரிசோதிக்கவேண்டும்.

2. திருச்சபை போதிப்பது

இக்காரியத்தில் திருச்சபையின் போதனை இரண்டு கால்களில் நிற்கிறது. ஒன்றை விட்டால் நொண்டிப் போவோம்.

முதலாவது: வைத்தியத்துக்காக அன்றிப் போதை மருந்தை உபயோகிப்பது கனமான குற்றம் என்றும், அதைக் களவாய்ச் செய்து விற்பது பெரும் துர்மாதிரிகை என்றும் 1992-ல் வெளிவந்த திருச்சபையின் ஞானோபதேச நூல் கற்பிக்கிறது. இதில் சலுகை இல்லை.

இரண்டாவது: செய்கை குற்றமானாலும், செய்தவனுடைய பொறுப்பு எப்போதும் ஒரே அளவானதல்ல. அறியாமை, பயம், வேரூன்றிய பழக்கம் ஆகியவை பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று அதே நூல் போதிக்கிறது. போதைக்கு அடிமைப்பட்டவனுடைய மனது ஓரளவு கட்டப்பட்ட மனது. கட்டப்பட்டவனை அடித்தால் கட்டு அவிழாது.

இதற்குச் சீன தேசத்து வேதசாட்சியாகிய அர்ச். மாற்கு ஜி தியான்சியாங் அத்தாட்சியாய் நிற்கிறார். அவர் வைத்தியர், ஏழைகளுக்கு இலவசமாய் மருந்து கொடுத்தவர். வயிற்று நோவுக்கு அபின் சாப்பிடத் தொடங்கி, அதற்கு அடிமையானார். பலமுறை பாவசங்கீர்த்தனம் செய்தும் திரும்பத் திரும்ப விழுந்தபடியால், உண்மையான பிரதிக்கினை இல்லை என்று எண்ணப்பட்டு, ஏறக்குறைய முப்பது வருஷம் சற்பிரசாதம் இல்லாமல் இருந்தார். ஆனாலும் கோவிலை விட்டு விலகவில்லை. 1900-ல் கலகக்காரர் கிறிஸ்தவர்களைக் கொன்றபோது, தம் குடும்பத்தார் ஒருவரும் துணையின்றிச் சாகலாகாது என்று, தம்மைக் கடைசியாக வெட்டும்படி கேட்டுக்கொண்டு விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தார். அபின் பழக்கம் அவரைவிட்டு நீங்கினதாகச் சொல்லப்படவில்லை. 2000-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் அவருக்கு அர்ச்சிஷ்ட பட்டம் அளித்தார். மனிதர் பலவீனத்தைக் கண்ட இடத்தில் சர்வேசுரன் விசுவாசத்தைக் கண்டார்.

3. கோரிக்கைகளை வகைப்படுத்தல்

பெற்றோர் கேட்பவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி "சரி" என்றோ "தவறு" என்றோ சொல்வது விவேகமல்ல. பிரித்துப் பார்ப்போம்.

(அ) சாகிறவனைக் காப்பாற்றும் கோரிக்கை. போதையில் மூச்சு அடங்குகிறவனுக்குப் பக்கத்தில் இருக்கும் கூட்டாளி, போலீஸ் வருமே என்று பயந்து, உதவிக்கு ஆள் அழைக்காமல் ஓடிப்போகிறான். கானடா தேசத்தில் பிள்ளைகளை இழந்த தாய்மார் இதைக் குறித்தும் குரல் எழுப்பினார்கள். 2017 மே மாதம் அங்கே ஒரு சட்டம் அமுலுக்கு வந்தது: ஆபத்தில் உதவிக்கு அழைக்கிறவர் மேலும், ஆபத்தில் இருப்பவர் மேலும், சொற்ப மருந்தை வைத்திருந்ததற்காக வழக்குத் தொடுப்பதில்லை. நலோக்சோன் என்னும் மாற்று மருந்து, அபின் வகை மருந்தால் நின்றுபோகும் மூச்சைத் திருப்பக்கூடியது. அதைக் குடும்பத்தாரும் கையில் வைத்திருக்கவேண்டும் என்றும் பெற்றோர் கேட்கிறார்கள். இவற்றில் மனச்சாட்சிக்கு விரோதம் ஒன்றுமில்லை. நல்ல சமாரித்தன், வழியில் கிடந்தவன் எப்படி விழுந்தான் என்று விசாரித்த பின்பா எண்ணெய் வார்த்தான்?

(ஆ) சிறைக்குப் பதிலாக வைத்தியம் கேட்கும் கோரிக்கை. போர்த்துக்கல் தேசம் 2001 முதல், தன் உபயோகத்துக்கு மட்டும் சொற்பமாய் வைத்திருப்பவனைச் சிறைக்கு அனுப்பாமல், ஆலோசனைச் சபை ஒன்றின் முன் நிறுத்துகிறது. விற்பவனுக்கோ அங்கே இன்னமும் தண்டனை உண்டு. தண்டனையை எப்படி அமைத்தால் குணமாதல் அதிகமாகும் என்பது, பெரும்பாலும் சட்டசபைகள் விவேகத்தோடு நிறுத்துப் பார்க்கவேண்டிய காரியம். இதில் நல்ல கத்தோலிக்கர் இரு பக்கமும் இருக்கலாம்.

(இ) சர்க்கார் அனுமதியோடு விற்பனை கேட்கும் கோரிக்கை. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்தில் 2013-ல், 15 வயது மகளைப் போதைத் தூளால் இழந்த ஆன்-மேரி காக்பர்ன் என்னும் தாய், களவு வியாபாரியின் கையிலிருந்து இவ்வியாபாரத்தை எடுத்து, சட்டக் கட்டுப்பாட்டின்கீழ் வைக்கவேண்டும் என்கிறார். மகள் உட்கொண்டது இன்ன வீரியமுள்ளது என்று தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்பது அவருடைய துயரம். அத்துயரத்தை அற்பமாய் எண்ணவேண்டாம். ஆயினும் காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பரசர் 2014-லும், மறுபடியும் 2024-லும், போதை மருந்துகளைத் தாராளமாக அனுமதிப்பது இத்தீமைக்கு மருந்தல்ல என்று தெளிவாய்ப் போதித்தார். சட்டம் ஜனங்களுக்கு உபாத்தியாயர் போன்றது. அது "ஆகலாம்" என்று சொன்னதைப் பலவீனர் "நல்லது" என்று படித்துக்கொள்வார்கள்.

(ஈ) ஒரு கடினமான வழக்கு. மேற்சொன்ன சிட்னி மாநாட்டின் பின், ஹெரோயின் அடிமைகள் தாங்கள் கொண்டுவரும் மருந்தை மருத்துவத் தாதிகளின் கண்காணிப்பில் ஊசி போட்டுக்கொள்ளும் நிலையம் ஒன்றை நடத்த, ஆஸ்பத்திரி ஊழியத்தில் பேர்போன ஒரு கன்னியர் சபையார் 1999-ல் முன்வந்தார்கள். செத்துப்போகிறவர்களைக் காக்கவேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். அதே ஆண்டு அக்டோபரில், கர்தினால் ராட்சிங்கர் தலைமையில் இருந்த உரோமை விசுவாசச் சங்கம், கத்தோலிக்க ஸ்தாபனம் அதில் பங்குபெறலாகாது என்று அறிவித்தது. கன்னியர் கீழ்ப்படிந்து விலகினார்கள். பிறகு யுனைட்டிங் சர்ச் என்னும் பிரிந்த சகோதரரின் சபை அதை ஏற்று, 2001 மே மாதம் கிங்ஸ் கிராஸ் பகுதியில் திறந்தது. 2010-ல் அது நிரந்தரமாக்கப்பட்டது. முதல் இருபது வருஷத்தில் பதினாயிரம் முறைக்கு மேல் அங்கே அளவு மிஞ்சி விழுந்தவர்களுக்குச் சிகிச்சை செய்யப்பட்டது. ஒருவரும் அங்கே சாகவில்லை.

அப்படியானால் உரோமையின் தீர்ப்பு இரக்கமற்றதா? அல்ல. நல்ல பலன் உண்டாகும் என்பதால் மாத்திரம், பிறர் செய்யும் தீய செய்கைக்கு நெருங்கிய ஒத்தாசை செய்யலாகாது என்பது பழைய சத்தியம். கத்தோலிக்கப் பெயரால் அது நடந்தால் துர்மாதிரிகையும் சேரும். ஆனால் இதிலிருந்து நமக்கு ஒரு பாரமான கடமை பிறக்கிறது. ஒரு கதவு நமக்கு அடைக்கப்பட்டது என்றால், திறந்திருக்கும் மற்றக் கதவுகளில் எல்லாம் மற்றவரைவிட விரைவாக நாம் நுழையவேண்டும். "அது கூடாது" என்று சொல்லிவிட்டுக் கைகட்டி இருப்பவன், எரிகோ வழியில் விலகிப்போன குருவின் பக்கத்தில் நிற்கிறான்.

4. நமது வீடுகளைக் குறித்து

இது தூர தேசத்துக் கதை என்று எண்ணவேண்டாம். கஞ்சாவும், வலி மாத்திரை, தூக்க மாத்திரைகளும் நமது ஊர்ப் பிள்ளைகளுக்கும் எட்டுகின்றன. நமது தேசத்தின் 1985-ம் ஆண்டு போதைப் பொருள் சட்டம், உபயோகிப்பதையும் குற்றமாகவே வைத்திருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 64-ஏ பிரிவில் இரக்கத்தின் வாசல் ஒன்று உண்டு: உபயோகித்ததற்காகவோ சொற்ப அளவு சம்பந்தமாகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமை, தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம், சிகிச்சையை முடிக்காவிட்டால் அவ்விலக்கு நீக்கப்படலாம். இதை அறியாத பெற்றோர், வழக்குக்குப் பயந்து, பிள்ளையை அறைக்குள் பூட்டி வைத்து நோயை முற்றவிடுகிறார்கள்.

பூட்டி வைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது நம்முடைய நாவு. "எந்த வளர்ப்போ!" என்று கோவில் முற்றத்தில் நாம் பேசும் ஒரு சொல், ஒரு தாயை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து திருப்பி அனுப்பப் போதுமானது. அந்தச் சொல்லுக்கும் நியாயத் தீர்வையில் கணக்கு உண்டு.

வினா - விடை

வினா: பிள்ளை போதைக்கு அடிமையானால் அது பெற்றோருடைய பாவமா?
விடை: எப்போதும் அல்ல. அசட்டையாய் இருந்திருந்தால் அந்த அசட்டைக்கு மனஸ்தாபப்படவேண்டும். நன்றாய் வளர்த்த பிள்ளையும் விழக்கூடும்; ஊதாரிப் பிள்ளையின் தகப்பன் கெட்ட தகப்பனல்ல.

வினா: பிள்ளை கேட்கும் பணத்தைக் கொடுப்பது அன்பாகுமா?
விடை: போதைக்கென்று தெரிந்து பணம் கொடுப்பது அன்பல்ல. சோறும் படுக்கையும் வைத்தியமும் மறுக்காமல், பணத்தை மட்டும் மறுக்கலாம்.

வினா: பிள்ளை நினைவு தப்பி விழுந்தால் என்ன செய்வது?
விடை: வெட்கத்தையும் வழக்கையும் நினையாமல் 108-ஐ அழைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்தைவிட்டு அகலாதிருக்கவேண்டும். அவன் எதை உட்கொண்டான் என்பதை டாக்டரிடம் மறைக்கலாகாது. ஆபத்தான நிலையில் குருவையும் அழைக்கவேண்டும்.

வினா: சட்டத் திருத்தம் கேட்டுக் கத்தோலிக்கப் பெற்றோர் மனுச் செய்யலாமா?
விடை: செய்யலாம். உயிரைக் காக்கவும், வைத்தியம் கிடைக்கவும் கேட்பது நியாயமான முறையீடு. தீமையை நன்மை என்று சட்டம் அழைக்கும்படி மட்டும் கேட்கலாகாது.

இவ்வாரத் தீர்மானங்கள்

1. வீட்டில் மீந்திருக்கும் வலி மாத்திரை, தூக்க மாத்திரைகளை இன்றே எடுத்துப் பூட்டி வைப்பது.
2. இத்துன்பத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தைச் சந்திப்பது. புத்தி சொல்லப் போகாமல் கூட இருக்கப் போவது.
3. போதை விடுவிப்பு ஆலோசனைக்காக மத்திய சர்க்கார் வைத்திருக்கும் 14446 என்ற இலவச எண்ணை எல்லோரும் தெரிந்து வைப்பது.
4. வெள்ளிக்கிழமை ஜெபமாலையில் ஒரு பத்து மணியை, அடிமைப்பட்ட பிள்ளைகளுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் ஒப்புக்கொடுப்பது.

வழிதப்பிய மகனுக்காக வருஷக்கணக்காய் அழுத அர்ச். மோனிக்கம்மாளுக்கு ஒரு மேற்றிராணியார் சொன்ன ஆறுதல் உங்களுக்குத் தெரியும்: அத்தனை கண்ணீரின் பிள்ளை கெட்டுப்போகாது. ஆனால் அந்தத் தாய் அழுததோடு நிற்கவில்லை. கடல் கடந்து மகன் இருக்கும் இடத்துக்கே போய்ச் சேர்ந்தாள். நமது பங்கிலுள்ள எந்தத் தாயும் அப்படித் தனியே போகும்படி நாம் விட்டுவிடலாகாது.

உங்கள் பங்குச் சுவாமியார்.